எல்லாம் நின்றுபோன பிறகு கம்ப்யூட்டர் எதற்கு ஆகும்? தருமபுரி, கிருஷ்ணகிரியை வைத்து ஒரு கணக்கு

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டுக்கு வந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அதே ஆண்டு ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்குப் போன தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நாடு முழுக்கக் கரண்ட் போனது. இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஒரு கேள்வி கூடவே வருகிறது: போனது திரும்பி வராமலே போனால்? வீட்டில் இருக்கும் லேப்டாப்பும் போனும் அப்போது எதற்காவது ஆகுமா, இல்லை பழைய இரும்புக் கடைக்குத்தானா?

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. 'கரண்ட் இல்லையென்றால் எல்லாம் வெறும் டப்பா' என்பது ஒன்று. 'ஒரு சோலார் பேனல், ஒரு ஹார்ட் டிஸ்க், அதில் விக்கிப்பீடியா. போதும், நாகரிகத்தையே மீட்டுவிடலாம்' என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. ஏன் தப்பு என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நீண்ட காலச் சமூக வீழ்ச்சி என்று இங்கே சொல்வது மூன்று நாள் மின்வெட்டை அல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைக்கூட அல்ல. அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆனாலும் ரயில் ஓடியது, கலெக்டர் கச்சேரி இருந்தது, வெளியூரிலிருந்து தானியம் வர வழி இருந்தது. நாம் பேசுவது அந்த 'வெளியூர்' என்பதே இல்லாத நிலை. மின்வாரியம் இல்லை, டவர் இல்லை, சிப் செய்யும் ஆலை இல்லை, உதிரிபாகம் கொண்டுவரக் கப்பலும் லாரியும் இல்லை. அதுவும் ஒரு தலைமுறைக்கு, தோராயமாக 30 ஆண்டுக்கு. அப்படி நடக்குமா என்பது வேறு கட்டுரை.

## கையில் இருப்பது கால்வாசிதான்

நாம் கம்ப்யூட்டர் என்று சொல்வதில் முக்கால்வாசி நம் வீட்டில் இல்லை. எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அதனால் முதல் அடி அங்கேதான் விழும். விழும் வரிசை கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

1. டவர். அதிலுள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் இருந்தால் டீசல் தீரும்வரை. அதற்குப் பிறகு போன் என்பது கேமராவும் டார்ச்சும் கால்குலேட்டரும் சேர்ந்த ஒரு பெட்டி.

2. பணம். யு.பி.ஐ.யில் ஒரு டீக்குக் காசு போக வேண்டுமென்றாலும் இரண்டு வங்கிகளின் சர்வர்கள் பேசிக்கொள்ள வேண்டும். இதில் விளக்க ஒன்றுமில்லை.

3. வழிகாட்டும் வரைபடம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அவற்றின் கடிகாரத்தையும் பாதைக் கணக்கையும் தரை நிலையங்கள் தினமும் திருத்திக்கொண்டே இருக்கின்றன. திருத்த ஆள் இல்லையென்றால் பிழை நாளுக்கு நாள் பெருகும். சில மாதங்களில் அது காட்டும் இடத்தை நம்ப முடியாது.

4. பூட்டுகள். சில போன்களை ரீசெட் செய்தால், கம்பெனியின் சர்வரைக் கேட்காமல் மறுபடி திறக்காது. இணையத்தில் சரிபார்த்துக்கொண்டே இருக்கும் மென்பொருள்கள் ஒரு நாள் கதவைச் சாத்திவிடும். இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும், உள்ளே போக முடியாது.

இந்த மாவட்டங்களுக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக அளந்து, விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடிபோட்டார்கள். யாருக்கு எந்த நிலம், எவ்வளவு தீர்வை என்பது காகிதத்தில் ஏறியது. இருநூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து அந்தப் பட்டாவும் சிட்டாவும் சர்வரில் இருக்கின்றன. பீரோவில் ஒரு பிரின்ட் வைத்திருப்பவருக்கு ஒரு துண்டுக் காகிதமாவது மிஞ்சும். 'தேவைப்பட்டால் ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம்' என்று இருப்பவர் நிலைமை வேறு. வீழ்ச்சிக்குப் பிறகு வரும் முதல் சண்டை சோற்றுக்கென்றால், இரண்டாவது வரப்புக்காகத்தான் இருக்கும்.

## கரண்ட் பெரிய பிரச்சினையே இல்லை

கேட்க விசித்திரமாக இருக்கலாம். எண்களைப் பாருங்கள்.

5 எச்.பி. போர்வெல் மோட்டார் ஒன்று ஓட ஏறத்தாழ 3,700 வாட் வேண்டும். சாதாரண லேப்டாப்புக்கு 30 முதல் 45 வாட். உள்ளங்கை அளவுள்ள ஒற்றைப் பலகைக் கணினிக்கு 5 வாட் போதும். அதாவது ஒரு மோட்டார் ஓடும் மின்சாரத்தில் 700க்கு மேற்பட்ட சின்னக் கணினிகள் ஓடும். 100 வாட் சோலார் பேனல் நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளில் 400 வாட்-மணி அளவுக்குக் கொடுக்கும். சின்னக் கணினி 24 மணி நேரமும் ஓடினாலும் 120தான் தின்னும். நல்ல பேனல் 25 ஆண்டு கழித்தும் முதலில் தந்ததில் 80 சதவீதம் அளவுக்குத் தருகிறது.

சேமித்து வைப்பதுதான் இடிக்கும். இன்வெர்ட்டருக்குப் போடும் ஈய-அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டு. லித்தியம் பேட்டரி அதைவிடச் சற்றுக் கூட நிற்கும். போச்சம்பள்ளி பக்கம் ஓலா எலக்ட்ரிக் ஆலை இருக்கிற மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர் பேட்டரிக்குக் கொஞ்ச காலம் பஞ்சம் இருக்காது. 3 கிலோவாட்-மணி பேட்டரி ஒன்று 5 வாட் கணினியை 25 நாள் ஓட்டும். அவையும் செத்த பிறகு? பகலில் மட்டும், வெயில் இருக்கும்போது மட்டும் கம்ப்யூட்டர். பேனலிலிருந்து நேராக 5 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கும் சின்னப் பலகை ஒன்று இருந்தால் பேட்டரியே வேண்டாம். மேகம் வந்தால் அணையும், அவ்வளவுதான்.

## அப்புறம் எதனால் சாகும்?

ஒரு பழைய லேப்டாப்பைக் கழற்றிப் பார்த்தால் புரியும். 2011ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது ஒன்று இந்தப் பக்கம் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. திருகாணிகளை எடுத்து அடி மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பவை, சாகும் வரிசையில்:

1. பேட்டரி. பெரும்பாலும் ஏற்கெனவே செத்திருக்கும். சிலதில் உப்பிப்போய் மூடியையே தள்ளியிருக்கும். அதைக் குத்தக் கூடாது, தீப்பிடிக்கும். நல்ல வேளை, அது இல்லாமலும் அடாப்டரில் லேப்டாப் ஓடும்.

2. ஹார்ட் டிஸ்க். சுற்றும் தட்டும் நகரும் முள்ளும் உள்ள எந்திரம். ஆறேழு ஆண்டு ஒழுங்காக ஓடினால் லாபம். இப்போது அதற்குப் பதிலாக வரும், சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகம் இல்லை, அதனால் அது சாசுவதம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் தகவல் என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். மெல்ல மெல்லக் கசியும். ஆயுள் தீரும் அளவுக்கு எழுதப்பட்ட வீட்டு எஸ்.எஸ்.டி., கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஓர் ஆண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் தொழிலின் தர அளவுகோலே. அதிகம் எழுதப்படாதது இன்னும் பல ஆண்டு தாங்கும். சூடு கூடினால் கசிவும் கூடும். சித்திரை மாதத்து அரூர் ஓட்டு வீட்டில் 30 டிகிரி எங்கே இருக்கிறது?

3. மின்விசிறி. தூசி அடைத்து நிற்கும். நின்றால் சிப் சுட்டுப் போகும். எண்ணெய் விட்டுத் துடைத்தால் ஓடும். இந்தப் பட்டியலில் உதிரிபாகம் இல்லாமல் கையால் சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான்.

4. பொத்தான் பேட்டரி. ஒரு ரூபாய்க் காசு போல இருக்கும், 3 வோல்ட். இது போனால் கம்ப்யூட்டருக்குத் தேதி மறந்துபோகும். பெரிய நஷ்டமில்லை.

5. கெப்பாசிட்டர். அடாப்டரிலும் இன்வெர்ட்டரிலும் இருக்கும் சின்ன உருளைகள். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் காயும், தலை உப்பும். ரிப்பேர் கடைக்காரர்கள் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மாற்றலாம், மாற்ற உருப்படி இருக்கும்வரை.

6. பயாஸ் சிப். கம்ப்யூட்டர் விழித்ததும் படிக்கும் முதல் வரிகள் இதில் இருக்கின்றன. இதுவும் கசியும் மின்னூட்டம்தான். இந்த வகைச் சிப்புக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் காலம் பொதுவாக 20 ஆண்டு. அதற்குமேல் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நின்றுபோனால் மற்ற எல்லாப் பாகமும் நன்றாக இருந்தும் பெட்டி எழுந்திருக்காது.

7. ஈயமில்லாத பற்றவைப்பு. 2006ல் ஐரோப்பிய விதி வந்த பிறகு உலகம் பெரும்பாலும் ஈயம் கலக்காத சால்டருக்கு மாறியது. ஆரோக்கியத்துக்கு நல்லது. ஆனால் சுத்தமான வெள்ளீயத்தில் வருஷக்கணக்கில் முடியைவிட மெல்லிய உலோக இழைகள் தானாக வளரும். பக்கத்துக் கம்பியைத் தொட்டால் ஷார்ட்.

பல்லியையும் எறும்பையும் எந்த தர அளவுகோலிலும் காணோம். நம் ஊரில் இன்வெர்ட்டர் போர்டு போனால் மெக்கானிக் முதலில் தேடுவது கருகிய பல்லியைத்தான்.

ஆக, ஒரு கம்ப்யூட்டருக்கு 10 முதல் 20 ஆண்டு. பத்தைச் சேர்த்து வைத்து ஒன்றின் பாகத்தை ஒன்றுக்குப் போட்டு ஓட்டினால் 30 வரை இழுக்கலாம். இந்த 30 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கட்டுரை அதன் மேல்தான் நிற்கிறது.

## புதிதாகச் செய்துகொள்ள முடியாதா?

ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகங்கள் செய்கிறார்கள். அப்படியானால் நம் மாவட்டத்திலேயே தொடங்கலாமே என்று தோன்றும். தொடங்க முடியாது. அங்கே நடப்பது உலோக உறை செய்வதும் பாகங்களைக் கோப்பதும். உள்ளே போகும் சிப் வேறு இடம். மிக நுண்ணிய சிப்புகளை அச்சடிக்கும் அதீதப் புற ஊதா ஒளி எந்திரத்தை உலகத்தில் செய்வது ஒரே ஒரு கம்பெனி, நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். அந்த எந்திரத்துக்கான கண்ணாடிகள் ஜெர்மனியிலிருந்து வருகின்றன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும்.

சங்கிலி முழுதாக இருக்கும்போதே எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. மொகாலியில் அரசு நடத்திய சிப் ஆலை 1984ல் உற்பத்தி தொடங்கியது. 1989ல் தீப்பிடித்தது. மீண்டும் உற்பத்திக்கு வர 1997 ஆனது. வீழ்ச்சி எதுவும் இல்லாத நாட்டில், பணமும் படித்தவர்களும் இருக்கும்போதே, ஒரு தீயிலிருந்து எழ எட்டு ஆண்டு.

பழைய சிப்புகள் எளிமையானவைதானே என்ற வாதமும் உண்டு. 1971ல் வந்த இன்டெல் 4004ல் இருந்தது 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்றைய போன் சிப்பில் ஆயிரம் கோடிக்கு மேல். ஆனால் அந்த 2,300க்கே மிகத் தூய சிலிக்கானும், தூசியில்லாத அறையும், ஒளியால் அச்சடிக்கும் கலையும் வேண்டும். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்து 2022ல் அறிவித்தார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே கிருஷ்ணகிரி மாவட்டத்து மண்ணில் இரும்பு புழங்கியிருக்கிறது. இன்று அதே ஊரில் கல்லிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? இரும்புக்கே இந்தக் கதி என்றால் சிலிக்கானைப் பற்றிப் பேச வேண்டாம்.

இதையெல்லாம் யோசித்தே ஒருவர் மென்பொருள் எழுதியிருக்கிறார். கனடாவின் விர்ஜில் டுப்ரா 2019ல் வெளியிட்ட 'கொலாப்ஸ் ஓ.எஸ்.' பழைய இசட்80 சிப்பில், சில கிலோபைட் இடத்தில் ஓடும். குப்பையில் கிடைக்கும் பாகங்களை வைத்துக் கையால் பற்றவைத்த கணினியிலும் ஓட வேண்டும் என்பது நோக்கம். 1976ல் வந்த இசட்80ஐ அதன் கம்பெனி தனிச் சிப்பாக விற்பதை 2024ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய கருவிகளில் அது ஏராளம். அவருடைய யோசனையில் ஒன்று எனக்குச் சரியாகப் படுகிறது: பெரிய கம்ப்யூட்டர் முதலில் சாகும், சின்னது கடைசியில் சாகும். வாஷிங் மெஷினிலும் ஸ்டெபிலைசரிலும் இருக்கும் எட்டு பிட் சிப்புக்கு மின்விசிறியும் வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம்.

## கணக்குப் போடவா?

கம்ப்யூட்டர் என்றால் கணக்கிடும் எந்திரம். ஆனால் வீழ்ச்சிக்குப் பிறகு அதன் உபயோகங்களில் கடைசி இடம் கணக்குக்குத்தான்.

1825ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், ராணுவ அதிகாரி ஜான் வாரன் பார்த்துக்கொண்டிருக்க, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்தார். எழுதுகோலும் இல்லை, காகிதமும் இல்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தினார். அட்டவணைகள் முழுக்க மனப்பாடம். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு வந்த பிழை நாலு நிமிடம். முடியும் நேரத்தில் பிழை முக்கால் மணிக்கு மேல் போய்விட்டது, அதையும் சொல்ல வேண்டும். நமக்குப் பக்கத்திலிருக்கும் கோலாரில் தங்கம் இருக்கிறது என்று 1802ல் தேடிப் பார்த்து எழுதியவரும் இதே வாரன்தான்.

நிலம் அளக்க, வட்டி போட, வெள்ளாமையைப் பங்கு பிரிக்க, கட்டடத்துக்குச் சரிவு பார்க்க மனிதர்கள் எப்போதும் கணக்குப் போட்டே வந்திருக்கிறார்கள். மிஞ்சிப்போனால் இன்ஜினியரிங் மாணவர் பையில் கிடக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். முழுக்க வெளிச்சத்தில் ஓடும் வகை ஒன்று கிடைத்தால், ஊரிலுள்ள எல்லா லேப்டாப்பும் செத்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரால் ஒரு வேலை ஆகும்: லாகரிதம் அட்டவணை, சைன் அட்டவணை, 100 ஆண்டுக்கு நாட்காட்டி, அமாவாசை பௌர்ணமி. ஒரே நாளில் கணக்கிட்டுக் காகிதத்தில் இறக்கிவிடலாம். இறக்கிய பிறகு அந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

## பின் எதற்கு? ஃபுளோரைடைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது ஓர் உதாரணம். இங்கே இருப்பவர்களுக்குப் பல்லும் எலும்பும்.

இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்தே கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதற்கு மேல் வருஷக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு இன்னும் கூடினால் பிற்பாடு முதுகும் முட்டியும் இறுகும். இதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து, மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி, ஊர் ஊராகக் குழாயில் அனுப்புகிறார்கள்.

கரண்ட் நின்றால் அந்த மோட்டார்கள் நிற்கும். ஜனங்கள் மறுபடி கிணற்றுக்கும் அடிபம்புக்கும் போவார்கள். எந்தக் கிணற்றுக்கு? ஃபுளோரைடுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசி கிடையாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி, மிஞ்சியதில் இன்னும் செறிவாகும். நல்ல கிணறு எது, கெட்ட கிணறு எது என்பதைச் சோதனைச்சாலை மட்டுமே சொல்லும். சொல்லியும் இருக்கிறது. எந்த ஊரில், எந்த போர்வெல்லில் எவ்வளவு என்று சோதித்த முடிவுகள் கோப்புகளாக இருக்கின்றன.

இந்த இரண்டு மாவட்டத்திலும் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் மிக விலையுயர்ந்த கோப்பு அதுதான் என்பது என் கணிப்பு. ஒரு சில நூறு கிலோபைட்கூட வராது. அது தொலைந்தால் ஒரு தலைமுறை பல்லையும் எலும்பையும் கொடுத்துத்தான் மறுபடி கண்டுபிடிக்க முடியும்.

அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய கோப்பு, பரிகாரம். படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து ஃபுளோரைடைப் படிய வைக்கும் நல்கொண்டா முறை, நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. எந்த அளவு தண்ணீருக்கு எவ்வளவு படிகாரம் என்ற அட்டவணை இல்லாமல் செய்தால் பலன் இருக்காது; படிகாரம் கூடிப்போனால் அலுமினியம் தண்ணீரில் தங்கும். இல்லையென்றால் மழைநீரைப் பிடித்துக் குடிக்கலாம், அதில் ஃபுளோரைடு இல்லை. கூரைப் பரப்புக்கு எவ்வளவு தொட்டி வேண்டும் என்பதும் ஓர் அட்டவணைதான்.

கம்ப்யூட்டரின் உண்மையான உபயோகம் இங்கே தெரிகிறது. கண்ணால் பார்த்தோ, செய்து பார்த்தோ, பெரியவர்களைக் கேட்டோ கற்க முடியாத அறிவை அது ஒரு கொஞ்ச காலம் பத்திரமாக வைத்திருக்கும். கேழ்வரகு விதைக்க யாரும் ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க வேண்டாம். எந்த மருந்தை எத்தனை கிலோ எடையுள்ள குழந்தைக்கு எத்தனை மில்லி என்பதற்கு வேண்டும்.

படங்களோடு சேர்த்து முழு ஆங்கில விக்கிப்பீடியாவும் சுமார் 100 ஜிபிதான். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் வழியாக இணையமில்லாமல் படிக்கலாம். நல்லதுதான், ஆனால் அது கலைக்களஞ்சியம். ஒரு விஷயம் என்ன என்று சொல்லும். எப்படிச் செய்வது என்று பெரும்பாலும் சொல்லாது.

லேப்டாப்பிலேயே ஓடும் செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பற்றியும் கேட்கிறார்கள். நாலைந்து ஜிபியில் ஓடக்கூடியவை இருக்கின்றன, இணையம் வேண்டாம். தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்வதுதான் அவற்றின் குணம். சரிபார்க்க வேறு இடம் இல்லாத உலகத்தில் படிகார அளவை அதனிடம் கேட்பதற்குப் பதிலாக அட்டவணையைப் பார்ப்பேன்.

இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, குறுஞ்செய்தி. லோரா என்ற வானொலி முறையில், இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உரிமம் இல்லாமலே, பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி சில கிலோமீட்டர் தூரத்துக்கு எழுத்துச் செய்தி அனுப்பும். மலையும் மேடும் உள்ள பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் உச்சியில் ஒன்றை வைத்தால் தூரம் இன்னும் கூடும். இரண்டு, கட்டுப்பாடு: சோலார் பம்பை இயக்குவது, பேட்டரி எரியாமல் பார்த்துக்கொள்வது. இதற்கெல்லாம் அந்தச் சின்னச் சிப்புகளே போதும்.

## தகவல் இருந்தாலும் படிக்க ஆள்?

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. இந்தப் பகுதியிலும் பக்கத்துச் செங்கத்திலும் கிடைத்த பழைய நடுகற்கள் சில மகேந்திரவர்மன் காலத்தவை, 1,400 ஆண்டு. வெயிலும் மழையும் பார்த்தவை. எழுத்து அழியவில்லை. எந்த ஹார்ட் டிஸ்க்கும் கனவு காண முடியாத ஆயுள்.

ஆனால் அதன் முன் நிற்பவரால் அதைப் படிக்க முடியாது. எழுத்து வட்டெழுத்து; மொழி என்னவோ தமிழ்தான். யாராவது எழுத்துக்கூட்டிக் கொடுத்தாலும் 'தொறுக்கொண்ட ஞான்று பட்டான்' என்றால் விளங்காது. தொறு என்றால் மாட்டு மந்தை, ஞான்று என்றால் அன்று, பட்டான் என்றால் செத்தான். மாடு பிடித்துப் போனபோது சண்டையில் இறந்தவனின் கல். செங்கம் நடுகற்களை 1970களில் இரா. நாகசாமி தலைமையில் தொல்லியல் துறை படித்து வெளியிட வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டரில் இதே கதை 1,400 ஆண்டு எடுக்காது, முப்பதே போதும். 1990களில் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள்: பாமினி, டிஸ்கி, டாம், டாப். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991லேயே இருந்தும் ஊரெல்லாம் அதற்கு வர வெகுகாலம் ஆனது. அன்று டி.டி.பி. கடையில் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகைக் கோப்பை இன்று திறந்தால் அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். கோப்பு கெடவில்லை, சாவிதான் தொலைந்துபோனது.

## முப்பது ஆண்டுக்குள் செய்யக்கூடியது

எனவே கம்ப்யூட்டரைப் பொக்கிஷப் பெட்டியாகப் பூட்டி வைப்பது தப்பான உபயோகம். அது ஒரு படகு; ஓட்டை விழுவதற்குள் சரக்கை இறக்க வேண்டும். இறக்கும் விதம்:

1. காகிதம். லேசர் பிரின்டரின் டோனர் கரியும் பிளாஸ்டிக்கும். தண்ணீர் பட்டாலும் கரையாது. இங்க்ஜெட் மை பட்டால் ஓடும். டோனர் சீக்கிரம் தீரும் என்பதால் எதை அச்சடிப்பது என்று முன்பே பட்டியல் வேண்டும்: மருந்தளவு, நீர் அட்டவணை, ஊர்ப் புலப்படம். மற்றதைக் கையால் எழுதலாம். அந்தக் காலத்தில் ஏடு பெயர்த்து எழுதியது போலத்தான்.

2. ஆட்கள். ஒரு பையன் அல்லது பெண்ணுக்குக் கெப்பாசிட்டர் மாற்றக் கற்றுத் தருவது, பத்தாவது லேப்டாப்பைச் சேர்த்து வைப்பதைவிட அதிக ஆண்டைக் கொடுக்கும்.

3. கல். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கிருஷ்ணகிரி கிரானைட் ஊர். பாலிஷ் போட்ட கருங்கல்லில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எந்திரம் எழுத்தை வெட்டித் தரும், திறப்புவிழாக் கல்வெட்டுகள் அப்படித்தான் வருகின்றன. எந்திரம் இருக்கும்போதே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கல் வெட்டி நட்டுவிடலாம்.

அந்தக் கல்லில் என்ன எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். 'ஃபுளோரைடு 3.2 மி.கி./லி.' என்று எழுதினால் நூறு ஆண்டு கழித்து அதுவும் ஒரு 'தொறு'. எண்ணைக் கீழே சின்னதாகப் போடலாம். மேலே பெரிதாக, கறை படிந்த பல்லோடு ஒரு முகம், வளைந்த முதுகோடு ஓர் ஆள், நடுவில் குடம். அதன் கீழே: 'இந்தத் தண்ணீரில் துணி துவைக்கலாம், குடிக்காதே. குடிக்கிற தண்ணீர் கிழக்கே ஆலமரத்துக் கிணறு.'